பழைமை என்னும் போர்வைக்குள் வெள்ளி

 

ரமளான் நெருங்கும்போது ஸகாத் கணக்கோடு மத்ரஸாவுக்கு வருவோர் பலர். நகை, வங்கியில் உள்ள ரொக்கம், கடைச் சரக்கு, பிறரிடமிருந்து வரவேண்டிய கடன் எனக் கணக்கிட்டுத் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆயினும் அந்தத் தாளில் ஒன்று மட்டும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் விளக்கொளியில் மின்னிக்கொண்டிருக்கும் வெள்ளியே அது. "அதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டால், விடை ஆயத்தமாக இருக்கிறது: "அது வெள்ளி இல்லை ஹஜ்ரத், ஆண்டிக்!"

இந்த விடையை எதிர்த்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது. அண்மைக் காலமாக இவ்விடை ஒரு குறிப்பிட்ட பொருளைச் சுற்றி அதிகமாக ஒலிக்கிறது. வெளிநாடுகளில் பொருளீட்டும் நம் பிள்ளைகளில் சிலர், இங்கிலாந்தின் பழைய வெள்ளி மூக்குப்பொடிச் சிமிழ்களை ஏலங்களிலும் இணையத்திலும் வாங்கிச் சேர்க்கின்றனர். கேட்டால் கலை என்கின்றனர், வரலாறு என்கின்றனர், முதலீடு என்கின்றனர். அச்சிமிழ்களில் ஏழைக்கு ஒரு பங்கு உண்டு என்று சொன்னால் மட்டும் வியக்கின்றனர்.

இந்தச் சிமிழ்கள் எவை?

ஒரு பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன் அப்பொருளை அறிய வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. ஆகவே அதை முதலில் அறிவோம்.

மூக்குப்பொடி நமக்குப் புதிதன்று. நம் பாட்டன்மார் அதைத் தகர டப்பியிலோ, காய்ந்த வாழை மட்டையிலோ வைத்து இடுப்பில் செருகிக்கொண்டனர். பொடி கெடாமல் இருந்தால் அவர்களுக்குப் போதுமானதாயிற்று. ஐரோப்பாவிலோ 18ஆம் நூற்றாண்டில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே பொடி போடுவது மேட்டுக்குடி வாழ்வின் அடையாளமாயிற்று. நாளடைவில் பொடியைவிடச் சிமிழே பெரிதாயிற்று. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் பொன்னாலும் மணிக்கற்களாலும் இழைத்த சிமிழ்களை ஏராளமாகச் சேர்த்தார். அவற்றுள் சில இன்றும் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், கில்பர்ட் சேகரிப்பில் உள்ளன. அரசர்கள் தூதர்களுக்குப் பரிசளிக்கவும் இத்தகைய சிமிழ்களையே தேர்ந்தெடுத்தனர்.

பொன் சிமிழ் அரசர்களுக்கு என்றால், வெள்ளிச் சிமிழ் வணிகர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் நிலக்கிழார்களுக்கும் உரியதாயிற்று. அதைச் செய்து குவித்த ஊர்களுள் முதன்மையானது பர்மிங்ஹாம். தம் ஊரிலேயே வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் நிலையம் வேண்டும் என்று மாத்யூ போல்டன் என்னும் தொழிலதிபர் முயன்றார். 1773இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் இயற்றியது. அதன்பின் சாமுவேல் பெம்பர்டன், ஜோசப் வில்மோர், நதானியேல் மில்ஸ் போன்ற பட்டறைக்காரர்கள் இத்தொழிலில் பெயர் பெற்றனர். குறிப்பாக 1830களிலும் 1840களிலும் மில்ஸ் பட்டறையிலிருந்து வந்த, மூடியில் விண்ட்சர் கோட்டை, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் வாழ்ந்த அபட்ஸ்போர்டு மாளிகை போன்றவை புடைப்பாக அமைந்த சிமிழ்களைச் சேகரிப்போர் இன்றும் தேடி அலைகின்றனர்.

அவற்றின் வேலைப்பாடு அழகானது என்பதில் ஐயமில்லை. காற்றுப் புகாமல் மூடும் கீல், பொடி வெள்ளியை அரிக்காதிருக்க உட்புறம் பூசிய பொன் முலாம், விரல் நுனிக்கு இசைந்த விளிம்பு என ஒவ்வொன்றிலும் கைத்திறன் தெரிகிறது. கைத்திறனை மறுப்பது நம் நோக்கமன்று. அக்கைத்திறனைக் காட்டி அல்லாஹ்வின் உரிமையை மறுப்பதையே நாம் மறுக்கிறோம்.

சிங்கமும் மன்னரின் தலையும்

இச்சிமிழ்களை வாங்குவோர் முதலில் என்ன செய்கின்றனர்? உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, மூடியின் உட்புறத்தில் வரிசையாகப் பதிந்திருக்கும் சிறு முத்திரைகளைத் தேடுகின்றனர். அவற்றுள் ஒன்று நடந்து செல்லும் சிங்கம். 1544 முதல் இங்கிலாந்தில் வழங்கிவரும் அச்சின்னம், ஆயிரம் பங்கில் 925 பங்கு தூய வெள்ளி என்பதற்குச் சாட்சி. நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம். சிறுத்தைத் தலை இருந்தால் இலண்டன். ஓர் எழுத்து ஆண்டைக் காட்டும். வேறிரண்டு எழுத்துகள் செய்தவரைக் காட்டும்.

சிங்கம் இல்லையென்றால் அவர்கள் என்ன சொல்கின்றனர்? "இது வெள்ளிதானா?" என்று ஐயுறுகின்றனர், விலையைக் குறைக்கின்றனர். வாங்கும்போது வெள்ளி என்பதற்குச் சான்று தேடி வளைந்து வளைந்து பார்த்தவர், ஸகாத் கொடுக்கும்போது மட்டும் "இது வெள்ளி இல்லை" என்கிறார். ஒரே பொருள் ஏலக்கூடத்தில் வெள்ளி, ரமளானில் ஆண்டிக்! இது என்ன நியாயம், சகோதரர்களே?

இன்னொரு முத்திரையும் உண்டு. 1784 முதல் 1890 வரை இங்கிலாந்தில் முத்திரையிடப்பட்ட வெள்ளிப் பொருட்களில், ஆட்சியில் இருந்த மன்னரின் அல்லது அரசியின் தலை பொறிக்கப்பட்டது. அது அழகுக்கு அன்று. அப்பொருளுக்குரிய வரி அரசுக்குச் செலுத்தப்பட்டுவிட்டது என்பதற்கான அத்தாட்சி. வரி ஏய்க்க முத்திரையில் தில்லுமுல்லு செய்வது கடும் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. ஆக, இன்று உங்கள் அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு சிமிழும், மண்ணோடு மண்ணாகிவிட்ட ஒரு மன்னருக்குரிய வரி தீர்ந்துவிட்டது என்று அவருடைய தலையைக் காட்டிச் சாட்சி சொல்கிறது. மன்னருக்கெல்லாம் மன்னனாகிய அல்லாஹ் அதே வெள்ளியில் ஏழைக்கென ஒதுக்கிய பங்கு தீர்ந்துவிட்டது என்பதற்கு அதில் என்ன சாட்சி இருக்கிறது?

வேலைப்பாடு வெள்ளியை மாற்றிவிடுமா?

"பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கியது வெள்ளிக்காக அன்று, வேலைப்பாட்டுக்காக. ஆகவே அது வெள்ளியின் சட்டத்தில் வராது" என்பது இவர்களின் முதல் வாதம். இது புதிய வாதம் என்று அவர்கள் எண்ணுகின்றனர். ஸஹாபாக்களின் காலத்திலேயே இது எழுந்து, அப்போதே விடையும் பெற்றுவிட்டது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு நிகழ்வு பதிவாகியுள்ளது. முஆவியா (ரலி) அவர்கள், பொன்னாலோ வெள்ளியாலோ ஆன நீர் அருந்தும் பாத்திரம் ஒன்றை, அதன் எடையைவிடக் கூடுதலான எடைக்கு விற்றார்கள். அபுத்தர்தா (ரலி) அவர்கள் குறுக்கிட்டு, இத்தகைய விற்பனையில் எடைக்கு எடை சமமாக இருக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருப்பதை எடுத்துரைத்தார்கள். முஆவியா (ரலி) இதில் தவறு இருப்பதாகத் தமக்குத் தோன்றவில்லை என்றார்கள். நபியின் சொல்லுக்கு எதிரே சொந்தக் கருத்தா என்று வெகுண்ட அபுத்தர்தா (ரலி), அந்த நிலப்பகுதியில் இனி வாழ்வதில்லை என்று கூறி மதீனாவுக்குச் சென்று கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் முறையிட்டார்கள். எடைக்கு எடை சமமாகவே விற்க வேண்டும் என்று உமர் (ரலி) அவர்கள் எழுதியனுப்பினார்கள். போரில் கிடைத்த ஒரு வெள்ளிப் பாத்திரத்தின் விற்பனையை உபாதா பின் ஸாமித் (ரலி) அவர்கள் இதுபோலவே கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

இதில் நமக்குரிய பாடம் என்ன? பாத்திரமாக வார்க்கப்பட்டதால் வெள்ளி தன் வெள்ளித் தன்மையை இழப்பதில்லை. அனுமதிக்கப்பட்ட நகைகளின் செய்கூலி குறித்து இப்னுல் கைய்யிம் (ரஹ்) அவர்களுக்கு வேறு கருத்து உண்டு. ஆயினும் அவர்களும் விலக்கப்பட்ட பாத்திரங்களுக்கு அச்சலுகையை வழங்கவில்லை. தட்டானின் சுத்தியல் வெள்ளிக்கு வடிவம் தரும். அதை ஸகாத்திலிருந்து விடுவிக்காது.

இரு மத்ஹபுகளும் ஒன்றுபடும் இடம்

நம்மில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோரும் உள்ளனர், ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோரும் உள்ளனர். நகைக்கு ஸகாத் உண்டா என்பதில் இவ்விரு மத்ஹபுகளும் வேறுபடுகின்றன. ஹனஃபி மத்ஹபில் பொன், வெள்ளி எந்த வடிவில் இருந்தாலும் ஸகாத் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் பெண்கள் அணியும் அனுமதிக்கப்பட்ட நகைக்கு ஸகாத் இல்லை. இந்தச் சலுகையைத்தான் சிலர் வெள்ளிச் சிமிழுக்கும் நீட்டிக்கப் பார்க்கின்றனர்.

அது செல்லாது. ஷாஃபிஈ மத்ஹபின் சலுகை, அணிவதற்கு அனுமதிக்கப்பட்ட நகைக்கு மட்டுமே. பாத்திரம் நகையன்று. பொன், வெள்ளிப் பாத்திரங்களுக்கு ஸகாத் கடமை என்பதில் இரு மத்ஹபுகளும் ஒன்றே. நகை பற்றிய கருத்து வேறுபாட்டைச் சொல்லிக்கொண்டு அலமாரியைத் தப்பவைக்க வழியே இல்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். வெள்ளியின் நிஸாப் 200 திர்ஹம், அதாவது ஐந்து ஊக்கியா. இதை 595 கிராம் என்று கணக்கிடுவோர் பலர். நம் துணைக்கண்டத்து ஹனஃபி ஆலிம்கள் ஐம்பத்திரண்டரை தோலா, அதாவது 612.36 கிராம் என்று கணக்கிடுகின்றனர். சட்டைப்பையில் வைக்கும் அளவுள்ள சிமிழ் ஒன்றின் எடை 80 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது சிமிழ்கள் 720 கிராம். அதில் தூய வெள்ளி மட்டும் 666 கிராம். எந்தக் கணக்கின்படி பார்த்தாலும் நிஸாபைத் தாண்டிவிட்டது. ஹனஃபி மத்ஹபினர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர்களிடம் பொன், வெள்ளி, ரொக்கம், வணிகச் சரக்கு யாவும் ஒன்றாகக் கூட்டப்படும். ஆகவே ஏற்கெனவே நிஸாப் உடையவரின் வீட்டில் ஒரே ஒரு சிமிழ் இருந்தாலும் அதுவும் கணக்கில் சேரும்.

கொடுக்க வேண்டியது நாற்பதில் ஒரு பங்கு. வேலைப்பாட்டால் விலை எவ்வளவு கூடியிருந்தாலும், இங்கே அடிப்படை எடையே. 720 கிராமுக்கு 18 கிராம் வெள்ளி அல்லது அதன் மதிப்பு. ஆயிரக்கணக்கான பவுண்டு கொடுத்து வாங்கியவரிடம் மார்க்கம் கேட்பது ஒரு குழந்தையின் கொலுசுக்கு ஆகும் வெள்ளியை! விற்று இலாபம் பெறும் எண்ணத்தோடு வாங்கியிருந்தால் நிலைமை வேறு. அப்போது வணிகச் சரக்கின் சட்டமும் நுழைகிறது. தம் மத்ஹபின் ஆலிமிடம் விவரம் சொல்லி அதை அறிந்துகொள்ளட்டும்.

"இவ்வளவு சிறிய தொகைக்கா இத்தனை பெரிய பேச்சு?" என்று யாரேனும் கேட்கலாம். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஸகாத்தாகக் கொடுக்கப்பட்டுவந்தது ஒரு சிறு கயிறாக இருந்தாலும், அதை மறுப்போருடன் போரிடுவேன் என்று அபூபக்ர் (ரலி) அவர்கள் உறுதியாக நின்றார்கள். கயிற்றின் விலைக்காகவா அவர்கள் நின்றார்கள்? கடமையை மறுக்கும் மனத்துக்கு எதிராக நின்றார்கள். நாமும் 18 கிராமுக்காகப் பேசவில்லை.

"நான் பயன்படுத்தவில்லையே!"

இரண்டாவது வாதம் இது. "பொடியும் போடுவதில்லை, அதில் எதையும் வைப்பதுமில்லை, வெறுமனே பார்க்கிறேன்" என்கின்றனர். இதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை மறைக்காமல் சொல்வதே அமானிதம்.

பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதையும் பருகுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வெள்ளிப் பாத்திரத்தில் பருகுபவர் தம் வயிற்றில் நரக நெருப்பையே ஊற்றிக்கொள்கிறார் என்னும் கருத்துடைய எச்சரிக்கையை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மதாயினில் ஹுதைஃபா (ரலி) அவர்கள் தண்ணீர் கேட்டபோது அவ்வூர்த் தலைவர் ஒருவர் வெள்ளிப் பாத்திரத்தில் கொண்டுவந்தார். ஹுதைஃபா (ரலி) அதை வீசியெறிந்துவிட்டு, முன்பே தடுத்தும் அவர் கேளாததால்தான் வீசினேன் என்று விளக்கமளித்தார்கள்.

ஷாஃபிஈ மத்ஹபில் இத்தடை உணவு, நீரோடு நிற்பதில்லை. சுர்மாச் சிமிழ், அத்தர்க் குப்பி, சாம்பிராணிக் கலம் வரை நீளும். மேலும், பயன்படுத்தாமல் வைத்திருப்பதும் கூடாது என்பதே மிகச் சரியான கருத்து என இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் உறுதிப்படுத்துகிறார்கள். கையில் இருப்பது ஒருநாள் பயன்பாட்டுக்கு வந்தே தீரும் என்பதும், பெருமைக்கும் வீண் செலவுக்கும் அது வாயில் என்பதும் இதற்கான காரணங்கள். ஆகவே "பார்ப்பதற்கு மட்டும்" என்னும் சமாதானம், தம்மை ஷாஃபிஈ என்று சொல்லிக்கொள்பவருக்கு உதவாது.

ஹனஃபி நூல்களில், பயன்படுத்தாமல், பெருமையடிக்காமல் அழகுக்காக வைத்திருப்பதற்கு இடம் தரப்பட்டுள்ளது. 'பெருமையடிக்காமல்' என்னும் நிபந்தனையைத் தயவுசெய்து கவனியுங்கள். வருகிற விருந்தினர் ஒவ்வொருவரையும் அலமாரியின் முன் நிறுத்தி விலை சொல்லும் பழக்கம் அந்நிபந்தனைக்குள் அடங்குமா? விடையை அவரவர் உள்ளத்திடம் கேட்டுக்கொள்ளட்டும்.

தடை உண்பதற்கும் பருகுவதற்கும் மட்டுமே என்று இமாம் ஷவ்கானி (ரஹ்) போன்றோர் கருதினர். உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்களின் திருமுடி ஒரு சிறு வெள்ளிச் சிமிழில் பாதுகாக்கப்பட்டிருந்ததாக ஸஹீஹுல் புகாரியில் வரும் செய்தியையும் இவ்வாதத்துக்குத் துணையாகக் கொள்வதுண்டு. தடையை அறிவித்தவரே வெள்ளிச் சிமிழ் வைத்திருந்தாரே என்று கேட்பது வலுவான கேள்விதான். அந்த அறிவிப்பில் 'வெள்ளி' என்னும் சொல் குறித்தே பாட வேறுபாடு உண்டு. வெள்ளி முலாம் பூசியதாக இருக்கலாம் என்றும் விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். அது வெள்ளியே என்று ஏற்றுக்கொண்டாலும், நோயுற்றோர் பரக்கத் நாடித் தண்ணீர்ப் பாத்திரம் அனுப்பிய ஒரு புனிதப் பொருளின் உறை அது. அதையும், வரிசையாக அடுக்கப்பட்ட நாற்பது பொடி டப்பிகளையும் ஒரே தராசில் வைப்பது நேர்மையா?

எனினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். வைத்திருப்பது கூடுமா, கூடாதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஸகாத் கடமை என்பதில் மேற்சொன்ன இரு மத்ஹபுகளுக்கும் வேறுபாடு இல்லை. முதல் கேள்வியில் உங்களுக்குச் சாதகமான கருத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டாலும், இரண்டாம் கேள்வியில் ஓடி ஒளிய இடமில்லை.

கலையின் பெயரால்

மூன்றாவது வாதம், "மார்க்கம் கலைக்கு எதிரியா?" என்பது. இல்லை. நபி (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் அணிந்தார்கள்; அவர்களின் வாளின் கைப்பிடி வெள்ளியால் அழகுபடுத்தப்பட்டிருந்தது; உடைந்த குவளை வெள்ளியால் இணைக்கப்பட்டிருந்தது. தேவைக்கும் அளவுக்கும் உட்பட்ட அழகை மார்க்கம் தடுக்கவில்லை.

உண்மையில் கைத்திறன்மீதுதான் காதல் என்றால், அதற்கும் வழி இருக்கிறது. ஸ்காட்லாந்தின் லாரன்ஸ்கர்க் என்னும் சிற்றூரில் மரத்தாலேயே பொடிச்சிமிழ் செய்தனர். மூடியும் பெட்டியும் இணையும் இடத்தில் மரத்திலேயே கீல் கடைந்து, கண்ணுக்குப் புலப்படாதபடி மறைத்துவிட்ட அந்த நுட்பம், எந்த வெள்ளிப் பட்டறையின் நுட்பத்துக்கும் குறைந்ததன்று. ஆட்டுக்கடாக் கொம்பில் செய்தவையும் உண்டு. அவற்றுக்கு நிஸாபும் இல்லை, பாத்திரத் தடையும் இல்லை. "கலைக்காகச் சேர்க்கிறேன்" என்பவர் அவற்றைச் சேர்க்கட்டுமே! அவை வேண்டாம், வெள்ளிதான் வேண்டும் என்றால், ஈர்ப்பது கலையா, வெள்ளியா?

"வரலாற்றுச் சின்னம்" என்பதையும் சற்றே உரசிப் பார்க்க வேண்டும். அக்காலத்துப் பிரிட்டனுக்குப் புகையிலை எங்கிருந்து வந்தது? வர்ஜீனியா, மேரிலாந்து தோட்டங்களிலிருந்து. அங்கே பாடுபட்டவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுசெல்லப்பட்ட அடிமைகளும் அவர்களின் வழித்தோன்றல்களும். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். பளபளக்கும் மூடியில் கோட்டை தெரிகிறது, தோட்டம் தெரிவதில்லை. வரலாற்றை நேசிப்பவர் முழு வரலாற்றையும் நேசிக்க வேண்டும். அலமாரியின் முன் பிள்ளைகளை நிறுத்திக் கதை சொல்லும் தந்தை, இந்தப் பாதியையும் சொல்கிறாரா?

சிமிழுக்குள் இருந்த பொடியைப் பற்றியும் ஒரு சொல். புகையிலை முஸ்லிம் உலகுக்கு வந்தபோது ஆலிம்கள் இருவேறு கருத்துக் கொண்டனர். எகிப்தின் இப்ராஹீம் அல்லகானீ (ரஹ்) அதைக் கடுமையாகத் தடுத்தார்கள். டமாஸ்கஸின் அப்துல் கனீ அந்நாபுலுஸீ (ரஹ்) அனுமதித்து நூல் எழுதினார்கள். அதன் தீங்கு மருத்துவத்தால் ஐயமின்றி நிறுவப்பட்டுவிட்ட இன்றைய நாளில், பழைய சிமிழ் வாங்கிய கையோடு பொடியையும் பழகிப் பார்க்கும் இளைஞர்களுக்கு எந்தச் சாக்கும் இல்லை.

முதலீடு என்னும் மயக்கம்

நான்காவது வாதம் முதலீடு. முதலீடு ஹலால்தான், ஆனால் வெள்ளியை வாங்கும் முறைக்குச் சட்டம் உண்டு. பொன், வெள்ளியைப் பணத்துக்கு வாங்கும்போது கைக்குக் கை பரிமாற்றம் நிகழ வேண்டும். இன்றைய காகிதப் பணமும் இச்சட்டத்தில் அடங்கும் என்பது சமகால ஆலிம்கள் பெரும்பாலோரின் முடிவு. இணைய ஏலத்தில் இன்று பணம் கட்டி அடுத்த மாதம் பொருள் பெறுவதும், பொருளை இன்று பெற்றுத் தவணையில் பணம் கட்டுவதும் இந்த எல்லையை மீறக்கூடியவை. தாமதத்தால் நுழையும் வட்டி, வட்டி என்னும் பெயர்ப்பலகையோடு வருவதில்லை.

ஏமாற்றும் இச்சந்தையில் மலிவன்று. சாதாரணச் சிமிழின் மூடியில் பிற்காலத்தில் கோட்டைப் புடைப்பைச் சேர்த்து விலை உயர்த்துவதும், ஒரு பொருளின் முத்திரையை வெட்டி வேறொன்றில் பொருத்துவதும் இத்துறையினர் நன்கறிந்த மோசடிகள். தானியக் குவியலுக்குள் கையை விட்டு உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டுபிடித்த நபி (ஸல்) அவர்கள், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். தம்மிடமுள்ளது போலி என அறிந்தபின் அதை வாயைத் திறக்காமல் அடுத்தவர் தலையில் கட்டிவிடும் சேகரிப்பாளர், அந்த எச்சரிக்கைக்கு அஞ்சட்டும்.

எண்ணிக்கையின் நோய்

சட்டத்தைச் சொல்லிவிட்டேன், இனி உள்ளத்தைப் பற்றிச் சில சொற்கள். பொருளைச் சேர்த்து, அதை எண்ணி எண்ணி வைத்து, அது தன்னை நிலைத்திருக்கச் செய்யும் என்று எண்ணுபவனை அல்ஹுமஸா அத்தியாயம் எச்சரிக்கிறது. மேன்மேலும் பெருக்கும் ஆசை மண்ணறை வரை மனிதனை மயக்கும் என்று அத்தகாஸுர் அத்தியாயம் கூறுகிறது. பொன்னையும் வெள்ளியையும் அல்லாஹ்வின் பாதையில் செலவிடாமல் குவிப்போருக்கு, அதே பொருள் மறுமையில் பழுக்கக் காய்ச்சிச் சூடிடப்படும் என்று அத்தவ்பா அத்தியாயம் அஞ்சவைக்கிறது. அங்கே வெள்ளி என்றுதான் சொல்லப்பட்டுள்ளது. நூறு ஆண்டு கடந்த வெள்ளிக்கு விலக்கு உண்டு என்று எங்கும் சொல்லப்படவில்லை.

சேகரிப்பாளரின் தனி நோய் ஒன்று உண்டு. பதினோராவது சிமிழை வாங்கியவருக்குப் பத்துச் சிமிழ்களின் மகிழ்ச்சி நிற்பதில்லை; பன்னிரண்டாவது இல்லாத குறையே நிற்கிறது. விண்ட்சர் கோட்டை கிடைத்தால் அபட்ஸ்போர்டு வேண்டும். அதுவும் கிடைத்தால் யாரிடமும் இல்லாத வேறொரு கட்டடம் வேண்டும். இடையில் தங்கையின் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் என்றால் கை இறுகிவிடுகிறது. அந்தத் தங்கையின் கண்ணுக்கும் அந்த அலமாரி தெரியத்தான் செய்கிறது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, அலமாரியைத் திறந்து ஒவ்வொரு வெள்ளிப் பொருளையும் தராசில் வைத்து எடையை எழுதுங்கள். பொடிச்சிமிழ் மட்டுமன்று, நம் வீடுகளில் திருமணத்துக்கு மட்டும் வெளிவரும் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், வெற்றிலைத் தட்டு ஆகியவையும் வெள்ளியானால் அவற்றுக்கும் இதே சட்டம்தான். "உம்மம்மா காலத்துப் பொருள்" என்பதால் அவற்றுக்கு ஸகாத் நீங்கிவிடாது.

இரண்டாவதாக, கடந்த ஆண்டுகளில் கொடுக்காமல் விட்டதைக் கணக்கிட்டு நிறைவேற்றுங்கள். விடுபட்ட ஸகாத் காலத்தால் தீர்ந்துவிடுவதில்லை. அது கழுத்தில் நிற்கும் கடன்.

மூன்றாவதாக, ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் இச்சேகரிப்பைத் தொடராமல் கைவிடும் வழியை ஆலிம்களிடம் கேளுங்கள். ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர், பெருமை கலவாமல் இருக்க முடியுமா என்று தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளுங்கள்.

நான்காவதாக, எதை வாங்கினீர்கள், எங்கே இருக்கிறது என்பதை எழுதி வையுங்கள். நீங்கள் மறைந்தபின் அது வாரிசுகள் அனைவரின் சொத்து. மதிப்புத் தெரியாமல் பழைய பாத்திரக்காரரிடம் போவதும், மதிப்புத் தெரிந்த ஒரு பிள்ளை மட்டும் ஓசையின்றி எடுத்துக்கொள்வதும் நடக்காதிருக்க இதுவே வழி.

அன்புச் சகோதரர்களே! அச்சிமிழ்களுக்கு முதலில் உரிமையாளராக இருந்தவர்கள் எங்கே? மூடிகள் பலவற்றில் அவர்களின் பெயரெழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்து இருக்கிறது; ஆள் இல்லை. பொருள் கைமாறி உங்களிடம் வந்தது, உங்களிடமிருந்தும் கைமாறும். உங்களோடு வருவது, அதிலிருந்து நீங்கள் ஏழையின் கையில் வைத்தது மட்டுமே.

நம் பொருளைத் தூய்மைப்படுத்தவும், கடமையைச் சாக்குச் சொல்லாமல் நிறைவேற்றவும், பெருமை என்னும் நோயிலிருந்து நம் உள்ளங்களையும் இல்லங்களையும் காத்துக்கொள்ளவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.